மலையுச்சியிலிருந்து கீழே: பரங்கிமலையில் ஒரு நாள்



குடியரசு நாள் விடுமுறையன்று குடும்பங்களாக ஒரு நாள் பயணம் சென்று வருவது என்று சேகரக் குழுவில் தீர்மானித்தோம். எங்கே என்பதில்தான் பேச்சு நீண்டது. தரங்கம்பாடி என்றார் ஒருவர். சீகன்பால்கு ஐயர் 1706-இல் வந்திறங்கிய கரையையும், அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்தையும் காண யாருக்குத்தான் ஆசை இராது? ஆனால் போக ஐந்தாறு மணி நேரம், வர ஐந்தாறு மணி நேரம். பிள்ளைகளோடும் முதியோரோடும் அது ஒரு நாளில் அடங்காது. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை என்றார் இன்னொருவர். அதுவும் நல்ல இடமே. வாலிபர் சங்கத்துப் பெண் ஒருத்தி, கதைப் புத்தகங்களில் வருவது போன்ற பழைய ஆங்கிலேயச் சிற்றூர் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றாள். நடுவில் ஓர் ஆலயம், கல்லறைத் தோட்டம், மரநிழல் விழுந்த தெருக்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படிப்பட்ட ஊர் ஒன்று தாம்பரத்திலிருந்து ஏழாவது ரயில் நிலையத்தில் இருக்கிறது. நம்மில் பாதிப்பேர் நாள்தோறும் அதைக் கடந்துதான் வேலைக்குச் செல்கிறோம்.

பரங்கிமலை என்று முடிவாயிற்று. ஆனால் நான் அந்த ஊரை முன்மொழிந்ததற்கு அந்தப் பெண்ணின் ஆசை மட்டும் காரணம் அன்று.

சில வாரங்களுக்கு முன், திடப்படுத்தல் வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் சென்ற பிறகு ஒரு பையன் தயங்கி நின்றான். பள்ளியில் உடன் படிக்கும் நண்பன், "உங்க மதம் வெள்ளைக்காரன் கொடுத்துட்டுப் போனதுதானே" என்று கேட்டானாம். சண்டையாக அன்று, சாதாரணமாகத்தான். இவனுக்குப் பதில் தெரியவில்லை. நான் உடனே, மேடைகளில் பலமுறை சொல்லிப் பழகிய பதிலைச் சொன்னேன்: வெள்ளைக்காரன் வருவதற்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 52-இல், அப்போஸ்தலனாகிய தோமா இந்நாட்டுக்கு வந்துவிட்டார், கி.பி. 72-இல் நம் பரங்கிமலையில் இரத்தசாட்சியாய் மரித்தார். பையன் தலையாட்டினான். பிறகு, "அதை எப்படி ஐயா கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டான்.

அந்த ஒரு கேள்வியில் நான் திகைத்துப் போனேன். ஆண்டு எண்ணை அவ்வளவு உறுதியாகச் சொன்ன நான், அது எதன் மேல் நிற்கிறது என்பதைச் சொல்ல முடியாமல் நின்றேன். பாரம்பரியம் என்றேன். அவன் மறுபடியும் தலையாட்டினான். ஆனால் முதல் முறை ஆட்டியதைப் போல் இல்லை. பிள்ளைகள் நம்மை விட்டு விலகுவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. நாம் உறுதியாகச் சொன்ன ஒன்று உறுதியற்றது என்று தெரிய வரும்போது, நாம் சொன்ன மற்றவற்றின் மேலும் அந்த நிழல் விழுகிறது.

ஆகவே இந்தப் பயணத்தை அவனுக்கான பதிலாகவும் எண்ணி ஆயத்தம் செய்திருக்கிறேன். யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களைக் கில்காலில் நாட்டிய யோசுவா, பிள்ளைகள் அவற்றைக் குறித்துக் கேட்பார்கள் என்பதை முன்னறிந்தே நாட்டினான். கேள்வி வரும் என்பதற்காகவே கல் நிற்கிறது.

எந்த வரிசையில் பார்ப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலையுச்சி முதலில்; ஆங்கிலேயர் ஊர் பிறகு. காலை வெயில் ஏறும் முன் ஏறிவிட வேண்டும் என்பது ஒரு காரணம். உச்சியில் இருப்பது கீழே இருப்பதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது என்பது மற்றொன்று.

மலை என்று நாம் சொன்னாலும் உயரம் ஏறத்தாழ 300 அடிதான். அடிவாரத்து வளைவு வாயிலிலிருந்து படிகள் தொடங்குகின்றன. முதியோரும் கைக்குழந்தை உள்ளவர்களும் மறுபுறத்துச் சாலை வழியாக ஆட்டோவில் உச்சி வரை செல்லலாம். மற்றவர்கள் படியேறுவோம், ஏனெனில் அந்தப் படிகளுக்கே ஒரு வரலாறு உண்டு. அவற்றை அமைத்தவர் ஆங்கிலேயரும் அல்லர், போர்த்துகீசியரும் அல்லர். பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். மணிலாவில் வாணிகம் செய்து செல்வம் சேர்த்துச் சென்னையில் குடியேறியவர். 1726-இல் தம் சொந்தப் பணத்தில் இப்படிகளைக் கட்டினார். அக்காலத்திலேயே சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே ஒரு பாலமும் கட்டிக் கொடுத்தார். சென்னையிலிருந்து மலைக்கு வரும் யாத்திரிகர் மழைக்காலத்தில் ஆற்றங்கரையில் நின்றுவிடாதிருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மாம்பலம் என்னும் ஊர்ப்பெயரை ஆங்கிலேயர் தங்கள் நாவுக்கேற்பத் திரித்து மர்மலாங் பாலம் என்று அதை அழைத்தனர். இன்று அதே இடத்தில் மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. கிண்டியைத் தாண்டி அண்ணா சாலையில் பேருந்தில் செல்லும் ஒவ்வொரு முறையும் அந்த ஆர்மீனியர் வகுத்த தடத்தில்தான் செல்கிறோம். அவர் 1751-இல் காலமானார். வேப்பேரியிலுள்ள புனித மத்தியா ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆர்மீனியா உலகில் முதன்முதலாகக் கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்ற நாடுகளுள் ஒன்று. அங்கிருந்து சிதறிய ஒரு குடும்பத்தின் பிள்ளை, தனக்கு உறவே இல்லாத ஒரு நாட்டின் குன்றில் மற்றவர் காலுக்குப் படி வெட்டினார். வெள்ளைக்காரன் கொடுத்தது என்ற பேச்சு வரும்போது உஸ்கானை எந்தக் கணக்கில் வைப்பது?

உச்சியில் உள்ள சிற்றாலயம் போர்த்துகீசியர் 1523-இல் கட்டியது. பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் மரியாளின் பெயரைத் தாங்கியது; டிசம்பர் 18 அதன் திருநாள். ரோமன் கத்தோலிக்கச் சகோதரரின் ஆராதனை இடம் அது. பூசை நடக்கும் நேரமாயின் வெளியே காத்திருந்து, அமைதியாக உள்ளே செல்வோம். பலிபீடத்துக்குப் பின்னாலுள்ள சுவரில் பதிக்கப்பட்ட கற்சிலுவையைத்தான் நாம் காணச் செல்கிறோம்.

1547-இல் கட்டுமானப் பணிக்காக நிலத்தைத் தோண்டியபோது இக்கல் கிடைத்தது. கருங்கல்லில் புடைப்பாகச் செதுக்கிய சிலுவை. கைகளின் முனைகள் மொட்டவிழ்வதுபோல் விரிந்திருக்கும். மேலே ஒரு புறா இறங்கி வருகிறது. சுற்றி வளைந்த வளைவில் எழுத்துகள். போர்த்துகீசியருக்கு அந்த எழுத்து புரியவில்லை. தோமாவே செதுக்கிய சிலுவை என்றும், அவர் இரத்தம் இதன் மேல் சிந்தியது என்றும் நம்பினர். 1558 முதல் சில ஆண்டுகளில் பூசை வேளையில் அது செந்நிறமாய் வியர்த்ததாகவும் பதிவு செய்தனர். எழுத்து என்னவென்று தெளிவாக மூன்று நூற்றாண்டுகள் ஆயின. தென்னிந்தியக் கல்வெட்டுகளை ஆராய்ந்த பர்னல் 1873-இல் அதைப் பற்றி எழுதினார். அது பகலவி, அதாவது சாசானியப் பேரரசு ஆண்ட காலத்துப் பாரசீக மொழி. காலம் ஏறத்தாழ ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டு என்று அவர் கணித்தார். வாசகத்தின் பொருளை அறிஞர் ஒவ்வொருவரும் சற்றே வேறாகப் படித்திருக்கின்றனர். கோட்டயத்துப் பழைய பள்ளி உட்படக் கேரளத்தின் சில ஆலயங்களில் இதே வடிவச் சிலுவை, இதே மொழி எழுத்துடன் இருக்கிறது.

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பாருங்கள். இச்சிலுவை தோமா செதுக்கியதாக இருக்க முடியாது. அவர் காலத்துக்கு அறுநூறு எழுநூறு ஆண்டுகள் பிந்தியது. அதே வேளையில், ஆங்கிலேயர் 1639-இல் சென்னைக் கடற்கரையில் கால் வைப்பதற்கு ஒன்பது நூற்றாண்டுகள் முந்தியது. பல்லவ மன்னர் காஞ்சியிலிருந்து ஆண்ட நாளில், மாமல்லபுரத்தில் உளியோசை கேட்ட நாளில், இந்தக் கரையோரத்தில் பாரசீக மொழியில் ஜெபித்த ஒரு சபை இருந்திருக்கிறது. வணிகராய் வந்தவர்களா, குடியேறியவர்களா, அவர்களோடு எத்தனை தமிழர் முழங்காலிட்டனர் என்பதையெல்லாம் கல் சொல்லவில்லை. ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்னும் கிரேக்கப் பயணி, மலபார்க் கரையிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர் உண்டென்றும் அவர்களின் கண்காணிமார் பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்டனர் என்றும் எழுதியிருக்கிறார். கல்லும் அவர் எழுத்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

அப்படியானால் தோமா? அவர் வந்திருக்கக் கூடுமா என்று கேட்டால், கூடும். முதல் நூற்றாண்டில் ரோமரின் கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்து முசிறிக்கு வந்து மிளகு ஏற்றிச் சென்றன. நம் மண்ணில் கிடைத்த ரோமக் காசுகளுக்குக் கணக்கில்லை. எருசலேமிலிருந்து புறப்பட்ட ஒருவருக்கு இங்கு வந்து சேர வழி திறந்தே இருந்தது. வந்தார் என்று கேரளத்துத் தோமா கிறிஸ்தவர் தலைமுறை தலைமுறையாகப் பாட்டிலும் குடும்ப நினைவிலும் காத்து வருகின்றனர். ஒரு சமூகம் அவ்வளவு நீண்ட காலம் காக்கும் நினைவை அலட்சியமாகத் தள்ளிவிட நான் துணிய மாட்டேன். ஆனால் கி.பி. 52 என்ற எண்ணுக்குக் கல்வெட்டோ அக்கால ஏடோ இல்லை. நம்புவதை நம்புகிறேன் என்று சொல்லலாம். அறிந்ததாகச் சொல்லக் கூடாது. அந்தப் பையனிடம் நான் செய்த பிழை அதுதான்.

மலையில் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது என்பதில் இன்னொரு காரியம் இருக்கிறது. ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இதைக் கவனமாய் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தோமா எப்படி மரித்தார் என்ற கதையை நாம் சிறுவயதில் கேட்ட விதத்தில் கொலைப்பழி ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் மேல் ஏற்றப்பட்டிருக்கும். போர்த்துகீசியர் காலத்தில் அக்கதை அவ்வாறு பரவியது. அதற்கு முந்தைய சாட்சியங்களைப் பாருங்கள். மூன்றாம் நூற்றாண்டளவில் சீரிய மொழியில் எழுந்த தோமாவின் நடபடிகள் என்னும் நூல், ஓர் அரசனின் கட்டளைப்படி போர்வீரர் நால்வர் அவரை மலைமேல் கொண்டுபோய் ஈட்டியால் குத்தினர் என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்கோ போலோ கேட்டு எழுதியதோ முற்றிலும் வேறு: தோமா மயில்கள் சூழ ஜெபித்துக்கொண்டிருந்தார், மயிலுக்குக் குறிவைத்த வேடன் ஒருவனின் அம்பு தவறி அவர் மேல் பாய்ந்தது. கொலையே இல்லை, விபத்து! மார்கோ போலோ காலத்தில் கிறிஸ்தவரோடு இசுலாமியரும் தோமாவின் கல்லறையைத் தேடி வந்தனர் என்பதும், அவ்விடத்துச் செம்மண்ணை யாத்திரிகர் மருந்தாக எடுத்துச் சென்றனர் என்பதும் அவர் தரும் செய்தி.

மூன்று கதைகள், மூன்று விதம். இவற்றுள் நம் அண்டை வீட்டாரைக் கொலையாளியாக்கும் கதையை மட்டும் தேர்ந்தெடுத்து, ஆதாரமும் இன்றிப் பிள்ளைகளின் மனத்தில் விதைப்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நம் திருச்சபை யூதரைக் குறித்துப் பல நூற்றாண்டுகள் இப்படிப் பேசியதன் விளைவை உலகம் கண்டிருக்கிறது. ஆகவே மலையில் அக்கதையை யாரும் சொல்ல வேண்டாம். மூன்றையும் சொல்லி, எதுவும் உறுதியில்லை என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு மயில் கதைதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது நம் சபையின் மூத்த தாயார் ஒருவருக்கு மனம் நொந்தது. சிறுமியாய்த் தம் அம்மாவின் கைபிடித்துத் தவக்காலத்தில் அந்தப் படியேறியவர் அவர். "அப்படின்னா தோமா வரவே இல்லைன்னு சொல்றீங்களா, ஐயா?" என்று கேட்டார். அப்படிச் சொல்லவில்லை, அம்மா. தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று நின்றவர் தோமா. ஆண்டவர் அவரைக் கடிந்து துரத்தாமல் தம் காயங்களைக் காட்டினார். அவர் பெயரிலுள்ள மலையில் நின்று ஒரு பிள்ளை ஆதாரம் கேட்டால், வேறெந்த அப்போஸ்தலனைவிடவும் தோமாவுக்கு அது புரியும்.

ஆலயத்தருகே ஓர் ஆங்கிலேயரின் மார்பளவுச் சிலையைக் காண்பீர்கள். வில்லியம் லாம்டன். திப்பு சுல்தான் வீழ்ந்த மூன்றாம் ஆண்டு, 1802 ஏப்ரல் 10 அன்று, இந்த மலையடிவாரத்திலிருந்து நிலத்தை அளக்கத் தொடங்கியவர். நூறடி நீள எஃகுச் சங்கிலி ஒன்றுதான் கருவி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துத் திருத்தம் செய்தனர். பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கத்துக் குன்று வரை ஏழரை மைல்; ஏறத்தாழ நானூறு முறை சங்கிலியை நீட்டி மடக்கினர்; 57 நாள் ஆயிற்று. பெரும்பாக்கத்தில் வீடு கட்டியிருக்கும் நம் குடும்பங்கள் அந்தக் கோட்டின் மறுமுனையில் வாழ்கின்றன! இங்கிலாந்திலிருந்து வர வேண்டிய அரை டன் எடையுள்ள கோண அளவியைக் கப்பலோடு பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டதும், அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையோடு திருப்பி அனுப்பியதும் தனிக் கதை. அந்த அடிக்கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாக வளர்ந்த அளவைதான் பின்னாளில் இமயத்தை எட்டி எவரெஸ்டின் உயரத்தைச் சொன்னது. நாட்டை அறிய வேண்டும் என்னும் ஆர்வமும் ஆள வேண்டும் என்னும் ஆசையும் அந்தச் சங்கிலியில் சேர்ந்தே பிணைந்திருந்தன. சங்கிலியையும் பெட்டிகளையும் தூக்கி ஏப்ரல், மே வெயிலில் நடந்த நம்மவர் பெயர் எந்தச் சிலையிலும் இல்லை.

இனி இறங்குவோம்.

மலையடிவாரம் ஆங்கிலேயருக்குப் பலமுறை போர்க்களமானது. 1759 பிப்ரவரியில், பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, வெளியிலிருந்து அவருக்குத் தொல்லை கொடுத்த ஆங்கிலேய அணியுடன் இங்கே கடும் போர் நிகழ்ந்தது. அந்த அணியில் கான் சாகிபு யூசுப் கானின் சிப்பாய்களும் இருந்தனர். மருதநாயகம் என்று நாம் அறிந்தவர் அவர். ஐந்தே ஆண்டுகளில், 1764-இல், அதே ஆங்கிலேயர் அவரை மதுரையில் தூக்கிலிட்டனர். 1769-இல் ஐதர் அலியின் படை மலையருகே வந்து நின்றபோது சென்னை ஆளுநர் குழு சமாதானத்துக்கு இறங்கி உடன்படிக்கை செய்தது. இவ்வளவும் பட்ட பிறகுதான் அடிவாரம் நிலையான பாளையமாகி, சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாயிற்று. அகன்ற தெருக்கள், தோட்டம் சூழ்ந்த அதிகாரிகள் வீடுகள், அணிவகுப்புத் திடல், கல்லறைத் தோட்டம் என்று ஓர் ஆங்கிலேயச் சிற்றூர் எழுந்தது. அவர்கள் சென்ற பின்னும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல அங்கேயே தங்கின. அந்த நிலம் இன்றும் பாளைய வாரியத்தின் கீழ்தான் இருக்கிறது. ஆகவே மரங்கள் மிஞ்சியிருக்கின்றன. வாலிபர் சங்கத்துப் பெண் கேட்ட தெருக்கள் இவைதாம்.

அந்த ஊரின் ஆலயம் புனித தோமா பாளைய ஆலயம்; பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் படைவீரருக்காகக் கட்டப்பட்டது. இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயத்தைச் சேர்ந்தது, அதாவது நம்முடையது. மலையைப் போலவே இதுவும் தோமாவின் பெயரைச் சூடியது. ஆனால் பீரங்கி வீரர் இங்கே அமர்ந்து ஆராதித்த நாள்களில் பக்கத்துக் கிராமத்துத் தமிழனை நினைத்துக் கட்டப்பட்ட ஆலயம் அன்று இது. பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி நம்மைக் கிறிஸ்தவராக்க வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். கம்பெனிக்கு வாணிகமும் வரியும் முக்கியம். சுவிசேஷம் பேசுவோர் கலகத்தை மூட்டிவிடுவர் என்று அது அஞ்சியது. 1793-இல் வங்காளம் வந்த வில்லியம் கேரி கம்பெனியின் உரிமம் இல்லாமலே வந்தார். 1800-இல் டேனியக் கொடி பறந்த செராம்பூரில்தான் அவருக்கு நிலையான இடம் கிடைத்தது. சீகன்பால்கு இறங்கிய தரங்கம்பாடியும் டேனியருடையதே. 1806-இல் வேலூரில் சிப்பாய்கள் எழுந்தபின் மிஷனரிகள் மேலிருந்த சந்தேகம் இன்னும் கூடிற்று. 1813-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்தபோதுதான் மிஷனரிகள் வர வழி திறக்கப்பட்டது.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் நமக்கு மிகவும் சாதகமான வரலாறு கிடைக்கும். மேலே பாரசீகச் சிலுவை. கீழே சுவிசேஷத்தை விரும்பாத கம்பெனி. ஆகவே நம் விசுவாசத்துக்கும் வெள்ளைக்காரனுக்கும் தொடர்பே இல்லை. இப்படிப் பேசிக் கைதட்டல் வாங்கலாம். ஆனால் அது உண்மையில் பாதிதான்.

நம் சபைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். நம் குடும்பங்களில் பெரும்பாலானவை திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலிருந்து ரயில்வே வேலைக்கும் விமானப்படைத் தளத்துக்கும் பள்ளி, மருத்துவமனைப் பணிக்கும் தாம்பரம் வந்தவை. நம் பாட்டன்மார் மலையுச்சிச் சிலுவையைக் கண்டு விசுவாசித்தவர்கள் அல்லர். அங்கே சுவிசேஷத்தை விதைத்தவர்களுள் சுவார்ச் ஐயர் ஜெர்மானியர். 1814-இல், அதாவது சாசனம் மாறிய மறுவருடம், சென்னையில் இறங்கி, 1820-இல் பாளையங்கோட்டை சென்ற ரேனியஸ் ஐயரும் ஜெர்மானியரே. அவரை அனுப்பிய சங்கம் ஆங்கிலேயருடையது. கம்பெனியின் ஆட்சி இருந்ததால்தான் அவர்களுக்குப் பாதையும் பாதுகாப்பும் இருந்தன. இதை மறைத்து, நமக்கு வம்ச உறவில்லாத பழைய சிலுவையை எடுத்துக் கேடயமாகப் பிடிப்பது நேர்மையாகாது. பள்ளியில் கேள்வி கேட்ட அந்த நண்பன் பாதி சரியாகத்தான் கேட்டிருக்கிறான்.

மற்றப் பாதியையும் பதிவேடே சொல்லும். 1733-இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன் தமிழர். பாளையங்கோட்டையின் முதல் ஆலயத்தை 1785-இல் எழுப்பியவர் குளோரிந்தா என்னும் பிராமண விதவை. கிராமம் கிராமமாகக் கால்நடையாய்ச் சென்றவர்கள் உபதேசியார்கள். அடி வாங்கியவர்களும் அவர்கள்தாம். உங்கள் வீட்டுப் பழைய குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர்களில் எத்தனை வெள்ளைக்காரர் பெயர்? விதைத்தவன் எந்த நாட்டான் என்பது ஒன்று. கேட்டுவிட்டு, இழப்பையும் எண்ணிப் பார்த்து, ஆம் என்று சொன்னவர் யார் என்பது வேறொன்று. அதை நம் கொள்ளுப்பாட்டிகளுக்காக வேறு எவரும் சொல்ல முடியாது.

பாளைய ஆலயத்தில் இதைத்தான் பேச எண்ணியிருக்கிறேன், கால் மணி நேரத்துக்கு மேல் போகாமல்.

திரும்பும் வழியில் பல்லாவரத்தில் இறங்க விரும்புவோர் இறங்கலாம். அங்கே முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகையொன்று அவன் விருதுப் பெயர்களைத் தாங்கி நிற்கிறது; இன்று அது தர்கா. இசுலாமியச் சகோதரர் வணங்கும் இடமாகையால் அனுமதி கேட்டே உள்ளே செல்ல வேண்டும். மலையுச்சிச் சிலுவைக்கும் இக்குகைக்கும் காலத்தில் அதிக இடைவெளி இல்லை. அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலாளர் சரளைக்கல் குழியொன்றில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கு முதல் சான்று அது. ஆதியாகமத்தோடு இதை எப்படிச் சேர்த்துப் படிப்பது என்று கேட்பவர்கள் உண்டென்று எனக்குத் தெரியும். அதற்கு வேறொரு வாரம் எழுதுகிறேன்.

ஏற்பாடுகள்: காலை 6.30-க்குத் தாம்பரம் நிலையத்தின் கிழக்குப் புற நுழைவாயிலில் கூடுவோம். தண்ணீர், தொப்பி, மாலை வரை தாங்கும் செருப்பு. காலை உணவுக்கு இட்லிப் பொட்டலங்களைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பொறுப்பேற்றிருக்கின்றனர். மலைமேல் ஒரு காகிதமும் விட்டு வரக் கூடாது. உச்சியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் விமான ஓடுபாதையும் வானம் தெளிவாயிருந்தால் மறுபக்கம் கடலும் தெரியும். படியேற முடியாதவர்களுக்கு ஆட்டோவுக்கான செலவைச் சேகரம் ஏற்கிறது. நம் மூத்த தாயார் மட்டும் படியேறியே வருவேன் என்று சொல்லிவிட்டார். அவருடன் ஏற இரண்டு வாலிபர் வேண்டும், பெயர் கொடுங்கள்.

அந்தப் பையனுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். உஸ்கான் கட்டிய படிகள் எத்தனை என்பதில் ஒரு நூல் ஓர் எண்ணைச் சொல்கிறது, இன்னொரு நூல் வேறோர் எண்ணைச் சொல்கிறது. ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் எண்ணி, கணக்கை என்னிடம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.